நல்ல ஹாம்பர்கருக்கு எங்கே போவது? பப், டைனர், ஸ்மாஷ் கடை, ஸ்டேக்ஹவுஸ்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. வீட்டுக்குப் பக்கத்தில் நாலு பப், எளிய சாப்பாடு தரும் டைனர் இரண்டு, கறியைக் கல்லில் நசுக்கி மெல்லிசாகச் சுடும் ஸ்மாஷ் பர்கர் கடை புதிதாக ஒன்று, கொஞ்சம் தள்ளி, அரைக்காத தடித்த கறித்துண்டான ஸ்டேக் தரும் ஸ்டேக்ஹவுஸ் ஒன்று. எல்லா மெனுவிலும் பர்கர் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இணையத்தில் நாலரை நட்சத்திரம். எதில் போய் உட்காருவது?

நட்சத்திரம் இங்கே உதவாது. மெல்லிசான பர்கரும் தடித்த பர்கரும் வேறு வேறு சாப்பாடு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து போட்ட மதிப்பெண் அது. அதனால் கடையைத் தேடும் முன் தடிமனை முடிவு செய்துகொள்ளுங்கள். 170 முதல் 225 கிராம் எடையில், இரண்டு செ.மீ.க்கு மேல் தடித்த ஒற்றைக் கறி வட்டு வேண்டுமா? 55 முதல் 90 கிராம் எடையில், ஓரம் முறுகிய மெல்லிய வட்டு ஒன்றோ இரண்டோ வேண்டுமா? எந்த அடுப்பு, எவ்வளவு நேரம், எந்த பன், உள்ளே எந்த அளவு வேக்காடு, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

கறி. பர்கருக்கு ஏற்ற கொத்துக்கறி என்பது பெரும்பாலும் சக் எனப்படும், மாட்டின் தோள்பட்டைப் பகுதி. நல்ல சமையலறைகள் அதோடு பிரிஸ்கெட் எனும் நெஞ்சுப் பகுதியோ ஷார்ட் ரிப் எனும் விலாப் பகுதியோ சேர்த்து அரைக்கும். கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மீடியம் எனப்படும் நடுத்தர வேக்காட்டிலேயே தூளாக உதிரும். அமெரிக்கச் சட்டப்படி கிரவுண்ட் பீஃப் என்று விற்பதில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மெனுவில் 'ஆங்கஸ்' என்று இருந்தால் அது மாட்டின் இனம் மட்டுமே, தரத்துக்குச் சான்று கிடையாது. 'வாக்யூ பர்கர்' என்று கூடுதலாக ஐந்தாறு டாலர் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வாக்யூ என்ற ஜப்பானிய மாட்டினத்தின் பெருமையே தசைக்குள் இழை இழையாக ஓடும் கொழுப்பு. அரைத்த பிறகு அந்த இழை போய்விடும், சாதாரண சக்கில் கொழுப்பைக் கூட்டி அரைத்தாலும் கிட்டத்தட்ட அதே விளைவு கிடைக்கும். மெனுவில் கவனிக்க வேண்டிய சொற்கள் வேறு: 'தினமும் இங்கேயே அரைத்தது' என்பது ஒன்று, எந்தப் பகுதிக் கறி என்று பெயர் சொல்வது இன்னொன்று.

வேக்காடு. ஸ்டேக்கில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் போய்விடும். அரைக்கும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை கொத்துக்கறிக்கு 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் என்று வரம்பு வைத்திருக்கிறது. மீடியம் என்பது சுமார் 60 செல்சியஸ், மீடியம் ரேர் 54-ஐ ஒட்டி. இரண்டுமே அந்த வரம்புக்குக் கீழே. நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. சில கறி 71-ஐ எட்டும் முன்பே பழுப்பாகிவிடும்.

பன். கடிக்கக் கடிக்கக் கறியும் பன்னும் ஒன்றாகத் தீர வேண்டும். பன்னின் வெட்டுப்பக்கம் வெண்ணெய் தடவி வாட்டியிருக்க வேண்டும். வாட்டிய பக்கம்தான் சாறு உள்ளே இறங்காமல் தடுக்கிறது.

மொத்தச் செலவு. மெனுவில் உள்ள விலையை நம்பிப் போகாதீர்கள். வரி, டிப்ஸ், தனியாக விலை போட்ட ஃப்ரைஸ், கூடவே ஒரு பானம் எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

உடன் வருபவர்கள். குழந்தை, கர்ப்பிணி, மாட்டுக்கறி சாப்பிடாதவர், பன்றிக்கறியைத் தொடாதவர், சைவர் என்று யார் கூட வருகிறார்களோ அவர்களைப் பொறுத்து விடை மாறும்.

| | பப் | டைனர் | ஸ்மாஷ் கடை | ஸ்டேக்ஹவுஸ், பிஸ்ட்ரோ |
|---|---|---|---|---|
| கறியின் எடை | 170–225 கிராம், ஒற்றை | 85–170 கிராம் | 55–90 கிராம், பெரும்பாலும் இரட்டை | 200 கிராமுக்கு மேல் |
| அடுப்பு | கம்பி கிரில் அல்லது இரும்புக்கல் | இரும்புக்கல் | இரும்புக்கல், மிகச் சூடாக | கம்பி கிரில், பிராய்லர் (மேலிருந்து சூடு தருவது) |
| வேக்காடு கேட்பார்களா | கேட்க வேண்டும் | சில இடங்களில் | இல்லை, முழு வேக்காடு | கட்டாயம் கேட்பார்கள் |
| தட்டு வரும் நேரம் | 15–25 நிமிடம் | 10–15 நிமிடம் | 5–10 நிமிடம் | 20–30 நிமிடம் |
| டிப்ஸ் | 18–20 சதவீதம் | 15–20 சதவீதம் | கட்டாயமில்லை | 20 சதவீதம் |
| குழந்தைகளோடு | முன்கூட்டியே கேட்கவும் | நல்ல இடம் | நல்ல இடம் | மதியம் பரவாயில்லை |
| பார்சல் | சுமார் | சுமார் | மோசம் | வேண்டாம் |
| சறுக்கும் இடம் | உறைந்த கறி, அழுத்திய கறி | பழைய பன் | காய்ந்த ஓரம் | செலவு |

## அக்கம்பக்கத்துப் பப்

தடித்த பர்கர்தான் வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் பப். நன்றாகச் செய்யும் பப்பை இந்த விலைக்கு வேறெதுவும் மிஞ்சாது. ஆனால் ஒரு பப்புக்கும் அடுத்த பப்புக்கும் உள்ள வித்தியாசம் மற்ற எந்த வகையையும் விட அதிகம். பீர் விற்று லாபம் பார்க்கும் இடத்தில் சமையலறை வெறும் ஒட்டுக்கு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு.

முதல் அடையாளம் சர்வரின் கேள்வி. "எப்படி வேகணும்?" என்று அவராகக் கேட்டால், கறி உறையாமல் வந்து அங்கேயே தட்டப்படுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். "எங்ககிட்ட எல்லாமே வெல்டன்தான்", அதாவது முழு வேக்காடுதான் என்றால் அது பாதுகாப்புக்காக அந்த இடம் வைத்துக்கொண்ட விதியாக இருக்கலாம், பெட்டியில் உறைந்து வந்த வட்டாகவும் இருக்கலாம். பக்கத்து மேசைத் தட்டைப் பாருங்கள். அச்சில் வார்த்ததுபோல் சரியான வட்டமும் நேரான ஓரமும் இருந்தால் உறைந்தது. கையால் தட்டிய வட்டின் ஓரம் கொஞ்சம் வெடித்திருக்கும், இரண்டு தட்டில் இரண்டு விதமாக இருக்கும்.

இரண்டாவது அடையாளம் நேரம். 225 கிராம் கறி மீடியத்துக்கு வேகவே ஏழெட்டு நிமிடம் ஆகும், வெல்டன் என்றால் 12 நிமிடத்துக்கும் மேலே. அதன் பிறகு சாறு அடங்க இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். கூட்டமான இரவில் ஆர்டர் கொடுத்த ஐந்தாவது நிமிடம் வெல்டன் பர்கர் வந்து நின்றால் அது முன்பே பாதி வெந்து காத்திருந்தது.

தட்டு வந்த பிறகு நடுவில் வெட்டி அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள். நன்றாகச் செய்ததில் வெளியே இரண்டு மூன்று மி.மீ. அளவுக்கு ஆழ்ந்த பழுப்பு, அதற்கு உள்ளே சீரான இளஞ்சிவப்பு. கறி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் சொரசொரப்பாக நிற்கும், விரலால் தள்ளினால் உதிரும். வெட்டுமுகம் வழவழப்பாகவும் ரப்பர்போலத் துள்ளலாகவும் இருந்தால், உப்பைக் கொத்துக்கறியோடு முன்னதாகவே பிசைந்துவிட்டார்கள். உப்பு தசையின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும். சாசேஜுக்கு அது வேண்டும், பர்கருக்குக் கேடு. உப்பு அடுப்பில் போடும் நேரத்தில் மேலே மட்டும் விழ வேண்டும். சுற்றிலும் தடிமனான சாம்பல் வளையம், நடுவில் ஒரு பொட்டு சிவப்பு என்று இருந்தால் சூடு தாறுமாறாக இருந்திருக்கிறது.

வட்டு பந்துபோல உப்பி, மேல் பன் ஒரு பக்கம் சரிந்து விழுகிறதா? தட்டும்போது நடுவில் கட்டை விரலால் குழி போடவில்லை. வேகும்போது ஓரம் முதலில் சுருங்கி நடுவைப் பிதுக்கிவிடும். குழி போட்டால் சமமாக வரும். இது சின்ன விஷயம்தான். ஆனால் இதைக்கூடச் செய்யாத சமையலறை மற்றதில் கவனமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கம்பி கிரில் வைத்திருக்கும் பப்பில் பெரிய தவறு ஒன்று நடக்கும். அவசரத்தில் சமையல்காரர் திருப்பியால் கறியை அழுத்துவார். உருகிய கொழுப்பு நெருப்பில் கொட்டி ஜுவாலை எழும், பார்க்க நன்றாக இருக்கும். போனது சாறு, வந்தது புகைக்கரி. பர்கர் காய்ந்தும் கசந்தும் வரும். பாரில் உட்கார்ந்தால் பல இடங்களில் கிரில் தெரியும். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் பாருங்கள், அழுத்துகிறவர் கை தெரிந்துவிடும்.

மேலே அடுக்கும் சாமான்களும் பப்பின் பலவீனம். வெங்காய வளையம், பேக்கன், முட்டை, அவகாடோ எல்லாம் ஏற்றி ஸ்டேக் கத்தியால் குத்தி நிறுத்திய கோபுரம் வாய்க்குள் போகாது, கறியின் ருசியும் தெரியாது. ஓர் இடத்துக்கு முதல்முறை போகும்போது சீஸ், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி மட்டும் உள்ள எளிய பர்கரைக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால்தான் மற்றதைக் கேட்பதில் அர்த்தம் உண்டு.

பெயர் பெற்ற சில இடங்களைப் பார்த்தால் பப் பர்கர் எத்தனை விதம் என்பது புரியும். நியூயார்க்கில் 1884-ல் தொடங்கிய பி.ஜே. கிளார்க்ஸ், 1972 முதல் இருக்கும் ஜே.ஜி. மெலன் இரண்டும் மதுக்கடையாக இருந்தே பர்கருக்குப் பெயர் வாங்கியவை. மெலனில் கம்பி கிரில் கிடையாது, இரும்புக்கல்தான். மினியாபொலிசில் சீடர் அவென்யூவில் உள்ள மேட்ஸ் பார், அதே தெருவில் தெற்கே உள்ள 5-8 கிளப் இரண்டுமே 'ஜூசி லூசி' தங்கள் கண்டுபிடிப்பு என்கின்றன. இரண்டு கறி வட்டுகளுக்கு நடுவே சீஸை வைத்து ஓரத்தை மூடி வேக வைப்பது அது. உள்ளே இருக்கும் சீஸ் கொதித்துக் கிடக்கும். தட்டு வந்ததும் கடித்தால் நாக்கு வெந்துபோகும், நாலைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே சீஸ் உருக வேண்டும் என்பதால் மீடியம் ரேர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருக்கும் ஃபாதர்ஸ் ஆபீஸ் இன்னொரு எல்லை: 21 வயது நிரம்பாதவர் உள்ளே வர முடியாது, கெட்சப் தர மாட்டார்கள், பர்கரில் எதையும் மாற்றவும் மாட்டார்கள். அதில் பேக்கன் சேர்ந்தே வரும். பன்றிக்கறி தொடாதவர் ஊர் தாண்டிப் போய் ஏமாறக் கூடாது என்பதால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்வது.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். மெனுவில் பர்கர் 18 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம், டிப்ஸ் 20 சதவீதம். பர்கர் மட்டும் 23.20 டாலர். ஃப்ரைஸ் தனியாக 6, ஒரு பீர் 9 என்றால் மூன்றும் 33, வரியும் டிப்ஸும் சேர்ந்து 42.53. இருவர் போனால் 85 டாலர். ஆரிகனில் விற்பனை வரியே கிடையாது, அங்கே கணக்கு கொஞ்சம் இறங்கும். வாரநாளில் 'பர்கர் நைட்' வைக்கும் பப்பில் விலை குறைவதோடு, அன்று கறி நிறையப் போவதால் புதிதாகவும் இருக்கும். ஞாயிறு மதியம் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் நேரத்தில் போகாதீர்கள். கோழி இறக்கை ஆர்டர்கள் குவிந்து சமையலறை திணறும். பார் இரவு இரண்டு மணி வரை திறந்திருந்தாலும் அடுப்பு 10 மணிக்கே அணையலாம். கடைசி அரைமணி நேரத்தில் கிரில்லைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள், அந்த நேரத்து பர்கரில் அக்கறை இருக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை மாலை ஐந்தரை மணி சுமாருக்குப் போய் உட்காருவது நல்லது.

பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், பேச நேரம் இருக்கிறது, சிவப்பு வேக்காடு பிடிக்கும் என்றால் பப்.

## டைனர்

டைனரின் பலம் கல். தோசைக்கல்லைப் போல நாள் முழுக்கச் சூட்டிலேயே இருந்து எண்ணெய் ஏறிப் பழகிய இரும்புக்கல்லில் கறி தன் கொழுப்பிலேயே பொரிகிறது. கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணெதிரே எல்லாம் நடக்கும், ஒளிக்க வழியில்லை.

ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊர் இந்த வகையின் உச்சம். 1920-களில் கறி விலைக்கு ஈடுகொடுக்க வெங்காயத்தைக் காகிதம்போல சீவி, கறி உருண்டையின் மேல் குவித்து, திருப்பியால் கறிக்குள் அழுத்தினார்கள். திருப்பிப் போட்டதும் வெங்காயம் கல்லில் பட்டு, கறிக்கொழுப்பில் ஊறி, பாதி கருகிப் பாதி இனித்துக் கறியோடு ஒன்றாகிவிடும். ராபர்ட்ஸ் கிரில், சிட்ஸ் டைனர், ஜானிஸ் கிரில் என்று ஒரே ஊரில் மூன்று இடங்களில் இன்றும் அதைச் சாப்பிடலாம். சிக்கனத்தில் பிறந்த சமையல் இத்தனை ருசியாக அமைவது அபூர்வம்.

கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் உள்ள லூயிஸ் லஞ்ச் தனி ரகம். 1900-ல் முதல் ஹாம்பர்கரை விற்றது தாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். கறியைச் செங்குத்தாக நிறுத்தி வாட்டும் பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் சுட்டு, பன்னுக்குப் பதில் இரண்டு டோஸ்ட் துண்டுகளுக்கு நடுவே தருவார்கள். சீஸ், வெங்காயம், தக்காளி உண்டு. கெட்சப், கடுகு எதுவும் கிடையாது. சரித்திரத்துக்காகப் போகலாம். மயோனைஸும் சாஸும் வழிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் போக வேண்டாம்.

சிகாகோவின் ஓ ஷெவால் டைனர் பாணியில் அமைந்த பார். அங்கே 'சிங்கிள்' என்று கேட்டால் இரண்டு கறி வட்டு வரும், 'டபுள்' என்றால் மூன்று. பசியை நம்பி டபுள் சொல்லிவிடாதீர்கள். மாலையில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரிடும் என்பதால் திறக்கும் நேரத்துக்குப் போக வேண்டும்.

சாதாரண டைனரில் பன்தான் சறுக்கும். நெடுஞ்சாலை ஓரத்து டைனரில் மெனு 12 பக்கம் ஓடும். அவ்வளவு பெரிய மெனுவில் பன் எப்போது வந்தது என்று தெரியாது. அந்தச் சந்தேகம் வந்தால் பர்கரை விட்டுவிட்டு பேட்டி மெல்ட் கேளுங்கள். அதே கறி, வதக்கிய வெங்காயம், சுவிஸ் சீஸ், இரண்டு பக்கமும் கல்லில் பொரித்த ரை ரொட்டி. ரொட்டி அங்கே காலைச் சாப்பாட்டுக்கே தீர்ந்து தினமும் புதிதாக வரும். அதனால் இது ஏமாற்றுவதில்லை.

## ஸ்மாஷ் பர்கர் கடை

உறையாத, ஆனால் நன்றாகக் குளிர்ந்த கொத்துக்கறி உருண்டையை 200 செல்சியசுக்கு மேல் சூடேறிய கல்லில் வைத்து, முதல் 30 நொடிக்குள் பலம் கொண்ட மட்டும் நசுக்குகிறார்கள். கம்பி கிரில்லில் அழுத்தினால் கெடுகிறது என்று மேலே சொன்னோம், இங்கே எப்படிச் சரியாகிறது? அந்த முதல் நொடிகளில் கொழுப்பு இன்னும் உருகவில்லை, பிழிந்து ஓட எதுவும் இல்லை. நசுக்கியதால் கறி முழுக்கக் கல்லோடு ஒட்டி, மேற்பரப்பு முழுவதும் முறுகிப் பழுப்பேறுகிறது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினால் சாறு எல்லாம் வெளியேறிவிடும். அனுபவமில்லாத கடைகளில் நடப்பது இதுதான்.

நல்ல கடையின் கறியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஓரம் சரிகைபோலக் கிழிந்து, விளிம்பில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, கடித்தால் சத்தம் கேட்கும். நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் தடித்து ஈரமாக இருக்கும். இந்த நடுப்பகுதி முக்கியம். அண்மைக் காலத்தில் சில கடைகள் படத்தில் அழகாக விழ வேண்டும் என்று வட்டை பன்னுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு நசுக்கிப் பரப்புகின்றன. முழுக்க முறுவல், ஈரமே இல்லை. தின்று முடித்தால் கறி தின்ற நிறைவு வராது.

சீஸ் என்றால் இங்கே அமெரிக்கன் சீஸ்தான். நல்ல செடார் கேளுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயதான செடார் சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். அமெரிக்கன் சீஸில் உள்ள சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் சாஸ்போல உருகி இரண்டு வட்டுக்கு நடுவே இறங்கும். பன் மெத்தென்ற உருளைக்கிழங்கு ரோல். முறுகிய கறிக்கு பிரியோஷ் என்ற பன் வகை அவ்வளவாகப் பொருந்தாது, தித்திப்பும் வெண்ணெயும் கூடிப்போகும்.

மெல்லிய வட்டு எப்படியும் முழுதாக வெந்துவிடும். அதனால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேக்காட்டைப் பற்றிக் கவலையில்லாத இடம் இதுதான். விலையும் குறைவு: பர்கர் 12, ஃப்ரைஸ் 5 என்றால் வரியோடு 18.51 டாலர். கவுண்டரில் வாங்கும் இடத்தில் டேப்லெட் திரை 20, 25 சதவீதம் என்று டிப்ஸ் காட்டும். விருப்பப்பட்டதைப் போடலாம், போடாவிட்டாலும் தவறில்லை. மறைந்திருக்கும் கெடுதல் உப்பு. கறியின் மேற்பரப்பு அதிகம் என்பதால் தூவும் உப்பும் அதிகம், கூடவே இரண்டு துண்டு சீஸ், சாஸ், ஊறுகாய். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒற்றை வட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பார்சல் மட்டும் வேண்டாம். இதன் உயிரே முறுவல், மூடிய டப்பாவில் ஐந்தே நிமிடத்தில் ஆவி பட்டுத் தொய்ந்துவிடும். வேறு வழியில்லை என்றால் டப்பாவைத் திறந்தே வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள், சாஸையும் லெட்யூஸையும் தனியாக வாங்குங்கள்.

## நெடுவழிச் சங்கிலிக் கடைகள்

இது தேடிப் போகிற இடமல்ல, பயணத்தில் கைகொடுக்கும் இடம். 1948-ல் கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் தொடங்கிய இன்-அண்ட்-அவுட் உறையாத கறிதான் பயன்படுத்துகிறது, விலைக்கு நியாயமானது, ஆனால் மேற்குப் பக்க மாநிலங்களில்தான் அதிகம். 1986-ல் வர்ஜீனியாவில் தொடங்கிய ஃபைவ் கைஸில் மேலே வைக்கும் காய்கறிகளும் சாஸ்களும் இலவசம். ஃப்ரைஸ் கடலை எண்ணெயில் பொரிக்கப்படுவதால் கடலை ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. அங்கே 'ரெகுலர்' ஹாம்பர்கர் என்றால் இரட்டை வட்டு, 'லிட்டில்' என்றால்தான் ஒற்றை. லிட்டில் ஃப்ரைஸ் ஒன்றே இருவருக்குப் போதும்.

## ஸ்டேக்ஹவுஸ், பிஸ்ட்ரோ

ஸ்டேக் வெட்டும்போது விழும் துண்டுகள் அன்றாடம் மிஞ்சும். அவற்றை வீணாக்காமல் பர்கராக்குவது பல ஸ்டேக்ஹவுஸ்களின் வழக்கம். வாரக்கணக்கில் பதப்படுத்திய கறியின் துண்டு அதில் கலந்திருந்தால் 100 டாலர் ஸ்டேக்கின் ருசியில் ஒரு பங்கு பர்கர் விலைக்குக் கிடைக்கும். சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. புரூக்ளினின் பீட்டர் லூகரில் பர்கர் மதிய வேளைக்கு மட்டும்தான். பல இடங்களில் பார் மெனுவில் மட்டும் இருக்கும், சாப்பாட்டு மேசையில் கேட்டால் கிடைக்காது. போகும் முன் போன் செய்து, பர்கர் எந்த வேளைக்கு, பாரில் உட்கார்ந்தால் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள்பட்ட கறிக்கு ஒரு வாசனை உண்டு, நீலச் சீஸை ஒட்டியது. பழக்கமில்லாதவருக்குக் கறி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். நியூயார்க்கின் மினெட்டா டேவர்ன் தரும் 'பிளாக் லேபிள்' பர்கருக்கு மக்கள் போவதே அந்த வாசனைக்காகத்தான். வீட்டில் யாருக்காவது அது ஒவ்வாது என்றால் அங்கே அத்தனை பணம் கொடுப்பது வீண். 2001-ல் சமையல் வல்லுநர் டானியல் பூலூ தன் பிஸ்ட்ரோவில் ஷார்ட் ரிப்பும் ஃபுவா கிரா எனும் வாத்து ஈரலும் உள்ளே வைத்த பர்கரை அறிமுகப்படுத்தியதிலிருந்து விலை உயர்ந்த பர்கர் என்பது தனி வகையாகவே ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாட்டம் என்றால் சரி. மற்ற நாளில் அதே பணத்துக்கு நல்ல பப்பில் இருவர் சாப்பிடலாம்.

## குழந்தைகள் வரும்போது

1993-ல் ஜாக் இன் தி பாக்ஸ் சங்கிலிக் கடைகளில் சரியாக வேகாத பர்கரால் ஈ. கோலை ஓ157 என்ற கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நாலு குழந்தைகள் இறந்தார்கள். கொத்துக்கறி பற்றிய அமெரிக்க விதிகள் இறுகியது அதன் பிறகுதான். மெனுவின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, வேகாத கறி நோய் தரலாம் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். குழந்தைகள் மெனுவில் அரைவேக்காட்டுக் கொத்துக்கறி கூடாது என்பது மத்திய உணவு விதித் தொகுப்பில் இருக்கிறது. பெரியவர் மெனுவிலிருந்து குழந்தைக்கு எடுத்துக் கொடுக்கும்போது அந்தக் காவல் இல்லை. உங்கள் மீடியம் பர்கரில் ஒரு வாய்கூடச் சின்னக் குழந்தைக்கு ஊட்ட வேண்டாம்.

## மாட்டுக்கறி சாப்பிடாதவர் கூட வந்தால்

நம் கூட்டத்தில் ஒருவராவது இப்படி இருப்பார். பப்பும் பெரிய சங்கிலிக் கடைகளும்தான் வசதி, ஏனென்றால் மாற்று வகை அங்கேதான் அதிகம். வான்கோழி பர்கர் 74 செல்சியஸ் வரை வெந்தாக வேண்டும், அதனால் பெரும்பாலும் காய்ந்துதான் வரும். கிடைத்தால் ஆட்டுக்கறி பர்கர் அதைவிட மேல். சைவர்களுக்கு 2016-ல் நியூயார்க் உணவகத்தில் அறிமுகமாகி 2019-ல் பர்கர் கிங் வரை போன இம்பாசிபிள் என்ற தாவர வட்டு இப்போது நிறைய பப்களில் இருக்கிறது. சோயாவால் ஆனது. கறுப்பு பீன்ஸ் வட்டு சில இடங்களில் அவர்களே செய்வது, ருசியாக இருக்கும், ஆனால் பிடிப்புக்கு முட்டை சேர்த்திருக்கக்கூடும். பிரியோஷ் பன்னில் முட்டை நிச்சயம்.

அதைவிடப் பெரிய சிக்கல் கல்லும் எண்ணெயும். டைனரிலும் ஸ்மாஷ் கடையிலும் ஒரே கல்லில்தான் மாட்டுக்கறி, பேக்கன், சைவ வட்டு எல்லாம் போகும். தனிச் சட்டியில் செய்து தர முடியுமா என்று கேட்டால் கூட்டமில்லாத நேரத்தில் பப் சமையலறை ஒத்துக்கொள்ளும், ஸ்மாஷ் கடையால் முடியாது. ஃப்ரைஸைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். பஃபலோ வைல்ட் விங்ஸ் சங்கிலிக் கடைகளில் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில். மெக்டொனால்ட்ஸ் 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறிய பிறகும் அமெரிக்காவில் அதன் ஃப்ரைஸில் மாட்டுக்கறிச் சுவையூட்டி இருந்தது. அதை மறைத்ததாக இந்துக்களும் சைவர்களும் தொடுத்த வழக்கில் 2002-ல் நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சுவையூட்டி இன்றும் அங்கே இருக்கிறது.

ஹலால் தேடுபவர்கள் கடையில் ஹலால் வட்டு இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அதே கல்லில் பேக்கன் போகிறதா என்றும் கேட்க வேண்டும். மிச்சிகனின் டியர்பார்ன் போன்ற ஊர்களில் கடை முழுவதுமே ஹலாலாக இருக்கும் பர்கர் கடைகள் உண்டு. அங்கே பேக்கன் என்று வருவதும் மாட்டுக்கறியில் செய்ததுதான். மற்ற ஊர்களில் போனிலேயே மூன்று கேள்விகளை முடித்துக்கொள்ளலாம்: எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், பேக்கன் எந்தக் கல்லில் போகிறது, பன்னை வாட்டுவதும் அதே கல்லிலா. மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கறியைத் தனிச் சட்டியில் செய்து கொடுத்துவிட்டு, பன்னைப் பேக்கன் கொழுப்பில் வாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.